சம்பளத்தைத் திருப்பிக் கேட்கும் தொண்டு நிறுவனம்: சமூகப்பணி படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுநிலைப் படிப்பை முடித்து வெளியே வருகிறவர்களில் பலருக்கு முதல் வேலை கிடைப்பது மாவட்டத் தலைநகரங்களில் இயங்கும் தொண்டு நிறுவனங்களில்தான். தென்மாவட்டம் ஒன்றில் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக இயங்கும் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் கள ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றி வெளியேறியவன் நான். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் வேலை பார்க்கும் சிலர், என்னோடு தொலைபேசியில் பேசினார்கள் என்ற சந்தேகத்துக்காகவே இடைஞ்சலுக்கு ஆளாகியிருக்கிறார்கள். மேலும், பிற மாவட்டங்களில் பணிபுரியும் வகுப்புத் தோழர்களிடம் விசாரித்த வரையில், கொடுத்த சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கும் இந்த வழக்கம் ஒரே நிறுவனத்தோடு நிற்பதாகவும் தெரியவில்லை.

நேர்காணலில் இயக்குநர் சேவை மனப்பான்மை பற்றி வெகுநேரம் பேசினார். சம்பளம் 22,000 ரூபாய் என்றார், பி.எஃப். உண்டு என்றார், சரிபார்ப்பதற்காக என்று அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார். முதல் மாதச் சம்பளம் பிடித்தம் போக வங்கிக் கணக்குக்கு வந்த அன்றே அக்கவுண்டன்ட் அழைத்து, "தம்பி, நாலாயிரத்தை எடுத்துட்டு வந்து குடுத்துருங்க. எல்லாரும் குடுக்கறதுதான்" என்றார். அதற்கு நிறுவனப் பங்களிப்பு என்று பெயர். ரசீது கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். உண்மையான நன்கொடை என்றால் நிறுவனத்தின் வரவுக் கணக்கில் ஏற வேண்டும். கொடுத்தவருக்கு ரசீது வர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி என்னும் வருமான வரிச்சலுகை கிடையாது என்பது கணக்கு எழுதுகிறவருக்குத் தெரியாததும் அன்று. நிதி வழங்கும் அமைப்புக்கு அனுப்பும் வரவுசெலவுத் திட்டத்தில் 22,000 என்று இருக்கும். வங்கி அறிக்கையும் சம்பளப் பட்டியலும் அதற்கு ஒத்துப்போகும். ஆகவே தணிக்கையாளர் எவ்வளவு துருவினாலும், உறையில் போட்டுத் திரும்பிப் போன நான்காயிரம் எந்தத் தாளிலும் தென்படாது.

அந்த அலுவலகத்தில் ஏன் எவரும் வாய் திறப்பதில்லை என்பது எனக்கு விளங்கச் சில மாதங்கள் ஆயின. சுய உதவிக் குழுப் பெண்களுக்கான ஒரு நாள் பயிற்சிக்கு 40 பேர் என்று நிதி ஒதுக்கப்பட்டிருக்கும். அறுவடைக் காலத்திலோ நூறு நாள் வேலை நடக்கும் நாளிலோ அத்தனை பேர் வந்து உட்கார மாட்டார்கள். பதினைந்து, இருபது பேர் வந்தாலே பெரிது. மாலையில் அலுவலகம் திரும்பியதும் மீதிப் பெயர்களை நிரப்பும் வேலை நடக்கும். இரண்டு மூன்று நிறத்தில் பேனாக்கள், பழைய பயிற்சிகளின் வருகைப் பட்டியல்கள், கைநாட்டு வைக்க ஸ்டாம்ப் பேடு எல்லாம் மேசையில் தயாராக இருக்கும். 40 சாப்பாட்டுக்கான பில்லும் பேருந்துச் செலவுக்கான வவுச்சர்களும் அந்தப் பட்டியலோடு சேர்த்துக் கோக்கப்படும். பட்டியலின் அடியில், பயிற்சியை நடத்தியவர் என்ற இடத்தில் களப்பணியாளர் கையெழுத்திட வேண்டும். இயக்குநரின் கையெழுத்து அந்தக் கோப்பில் ஓரிடத்திலும் இருக்காது.

எனக்கு மூத்த பணியாளரான ஓர் அண்ணன், மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில், பெட்ரோலுக்குச் சொந்தப் பணத்தைப் போட்டு ஓடுவதாகவும் பல மாதங்களாகப் பயணப்படி வரவில்லை என்றும் சொன்னார். இயக்குநர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துவரச் செய்து, பக்கங்களைப் புரட்டிக் காட்டி, "இதெல்லாம் உங்க கையெழுத்துதானே பிரதர்? நாளைக்கு விசாரணைன்னு வந்தா யாரைக் கேப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த அண்ணன் அதன்பின் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வசைச்சொற்களும், ஞாயிற்றுக்கிழமை வேலையும், இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்ஆப் குழுவில் வரும் கட்டளைகளும், பெண் பணியாளர்களை எல்லோர் முன்னிலையிலும் அழ வைப்பதும் எப்படித் தட்டிக் கேட்பாரின்றி நடந்தன என்று வியப்பவர்களுக்கு இந்தக் கோப்புதான் பதில். பொய்யான தாளில் கையெழுத்திட்டவரை விரட்டவும் முடியும், விடாமல் பிடித்து வைக்கவும் முடியும்.

வேடிக்கை என்னவென்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 பற்றி மில் தொழிலாளர்களுக்கும் கல்லூரி மாணவிகளுக்கும் வகுப்பெடுப்பது இதே நிறுவனம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்று நாங்களே படம் போட்டு விளக்குவோம். எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த குழுவுக்குத் தலைவர் இயக்குநரின் மனைவி; வெளியாள் என்று குறிக்கப்பட்டிருந்தவர் அறக்கட்டளையின் அறங்காவலர்களில் ஒருவர். புகார் சொல்ல நினைத்த சகோதரி ஒருவர் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையை விட்டுப் போனார். இப்படிப்பட்ட நிலையில் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுக முடியுமா என்று கேட்டறியக்கூட அவருக்கு அப்போது துணிவு இருக்கவில்லை.

நிதியாளர் வருகையின்போது யார் எதைப் பேச வேண்டும் என்று முதல் நாளே ஒத்திகை நடக்கும். ஒருமுறை வந்திருந்த நிதி அலுவலர், தேநீர் இடைவேளையில் இளைய பணியாளர் ஒருவரிடம் கையில் எவ்வளவு கிடைக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார். அந்தப் பெண் உண்மையைச் சொன்னார். அடுத்த வாரமே, மாலை ஆறு மணிக்குமேல் பேருந்து இல்லாத ஓர் ஒன்றியத்துக்கு அவர் மாற்றப்பட்டார்.

இயக்குநர் தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2020-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது. பெரிய நிறுவனங்களின் வழியாக நிதி பெற்றுவந்த சிறிய நிறுவனங்கள் இதனால் நொடித்துப்போனது உண்மை. ஆனால் அந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க வேண்டியவர் களப்பணியாளர்தான் என்றும், அதுவும் ரசீதில்லாமல் ரொக்கமாகத்தான் என்றும் எந்தத் திருத்தமும் சொல்லவில்லை. அதே ஆண்டுகளில் அலுவலக வாசலில் புதிய கார் ஒன்றும் வந்து நின்றது.

வந்தவர்களின் எண்ணிக்கையை மட்டுமே பட்டியலில் எழுதுவேன் என்று நான் சொன்ன பிறகு எனக்குப் பயிற்சிகள் தரப்படவில்லை. கூட்டங்களில் என் பெயர் கேலிப்பொருளாயிற்று. மின்னஞ்சலில் விலகல் கடிதம் அனுப்பினேன். பணியிலிருந்து விடுவித்த கடிதமும் சான்றிதழ்களும் வராததால் பி.எஃப். கணக்கை எடுத்துப் பார்த்தபோதுதான், மாதந்தோறும் சம்பளப் பட்டியலில் கழித்த 1,800 ரூபாய் பல மாதங்களாகச் செலுத்தப்படவே இல்லை என்று தெரிந்தது. பணியாளரின் பங்கைக் கழித்துக்கொண்டு செலுத்தாமல் வைத்திருப்பதைக் குற்றவியல் சட்டமே நம்பிக்கை மோசடியாகக் கொள்கிறது. பி.எஃப். குறைதீர் இணையதளத்தில் சம்பளப் பட்டியலை இணைத்துப் புகாரளித்தேன்; பாக்கி கணக்கில் ஏறியது. சான்றிதழ்கள் வழக்கறிஞர் அறிவிப்புக்குப் பிறகே வந்தன. உறையில் கொடுத்த பணம் வரவில்லை, வரப்போவதுமில்லை.

தொழிலாளர் நீதிமன்றத்தை நம்பியிருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த விரிவான விளக்கத்தின்படி, தொண்டு நிறுவனங்களும் பெருமளவில் 'தொழில்' என்ற வரையறைக்குள் வந்தன; அதனால்தான் அவற்றின் பணியாளர்களும் அந்த நீதிமன்றத்தை நாட முடிந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமோ, முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ தொண்டுப் பணியில் ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. ஆகவே வேலையில் சேர்வதற்கு முன் செய்யும் விசாரணைதான் பெரிய பாதுகாப்பு.

பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், மாதந்தோறும் பணம் கட்டுகிறார்களா, எத்தனை பேருக்குக் கட்டுகிறார்கள் என்பதைச் சேருமுன்பே எவரும் பார்க்கலாம். சேர்ந்தபின் அரசின் உமங் செயலியில் உங்கள் கணக்கைப் பாருங்கள். முந்தைய மாதத் தொகை 15-ஆம் தேதிக்குள் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். களப்பணிக்கு எடுத்துவிட்டு ஆலோசகர் என்றோ மதிப்பூதியம் என்றோ ஒப்பந்தம் நீட்டினால், பி.எஃப்., பணிக்கொடை இரண்டையும் தவிர்க்கும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். அசல் சான்றிதழைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்து விலகியவர்களில் ஒருவரையாவது தேடிப் பேசுங்கள். உங்கள் துறைப் பேராசிரியருக்கு எப்படியும் ஒருவரைத் தெரிந்திருக்கும். பங்களிப்பு கேட்கப்பட்டால், வங்கி வழியாகத் தருவதாகவும் 80ஜி ரசீது வேண்டும் என்றும் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். எனக்குப் பின் சேர்ந்த ஒருவர் அப்படி எழுதிக் கேட்டார்; அவரிடம் அதன்பிறகு எவரும் உறையை எதிர்பார்க்கவில்லை.