நெட் விட்டு விட்டுப் போனால் குன்னூரில் இவர்களைக் கூப்பிடுங்கள்

பெட்போர்டில் மாடிப்படி ஏறிப் போகும் இந்தச் சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன். எனக்கு வந்த கோளாறு இந்த மலையில் நிறைய வீடுகளில் இருக்கிறது. பலரும் அதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்கிப் பணத்தை விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வண்டிச்சோலையில் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபட வேலை செய்கிறேன். ஆபீஸ் கோவையில். ஃபைல்கள் எல்லாம் அங்குள்ள சர்வரில்தான் இருக்கும். நான் இங்கிருந்து திறந்து வரைந்து அங்கேயே சேமிக்க வேண்டும். அந்த வேலைக்கென்றே வாங்கிய பெரிய வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர், நல்ல கனமான பெட்டி. ரவுட்டரிலிருந்து ஒயர் வழியாகத்தான் அதற்கு நெட். காலையில் எல்லாம் சரியாக ஓடும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கியதும் தகராறு தொடங்கும். திரையின் மூலையில் உலக உருண்டை படம் வரும், சில நொடிகளில் மறையும், மறுபடி வரும். அதற்குள் சர்வர் என்னை வெளியே தள்ளிவிடும். பாதி வரைந்த ஃபைல் பூட்டிக்கொள்ளும். கோவையில் யாராவது அதை விடுவித்துக் கொடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மொபைலில் வைஃபை மட்டும் அந்த நேரத்திலும் ஜம்மென்று ஓடும்.

மொபைல் ஓடுகிறது, கம்ப்யூட்டர் ஓடவில்லை. அதனால் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். இணைய சேவைக்காரர்கள் போனிலேயே அப்படிச் சொல்லி வைத்துவிட்டார்கள். அடுத்து வந்து பார்த்த ஒருவர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார், புது ரவுட்டரும் விற்றார். அதற்கு மட்டும் 3,500 ரூபாய். மேகம் இறங்கியதும் பழைய கதைதான். கடைசியில், ‘கோயம்புத்தூர் கொண்டுபோய்க் காட்டுங்க’ என்றார். மலையில் இருப்பவர்களுக்கு இந்த வார்த்தை எவ்வளவு பழக்கம் என்று சொல்லவே வேண்டாம். அந்தப் பெட்டியைக் காரில் வைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் உருட்டிக்கொண்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. அப்புறம்தான் பக்கத்து வீட்டு அக்கா இந்தக் கடையைச் சொன்னார்.

கடையை நடத்துபவர் இளைஞர்தான். முதலில் எதையும் தொடவில்லை, கேள்வி கேட்டார். “எந்த நேரத்துல போகுதுக்கா? மழையிலயா, வெயில்லயும் போகுதா? போனா தானா வருதா, இல்ல நீங்க ஒயரைக் கழட்டி மாட்டணுமா? ரவுட்டர் எந்த ரூம்ல இருக்கு, சிஸ்டம் எந்த ரூம்ல?” இத்தனை பேரிடம் சொல்லிச் சலித்த எனக்கு, ஒருவர் நேரம் கேட்டதே பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வேண்டுமென்றே மதியம் தாண்டித்தான் வந்தார். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவேடு, சும்மா கிடப்பதுதான். அதில் சிஸ்டம் பகுதியைத் திறந்தார். ‘நெட்வொர்க் லிங்க் இஸ் டிஸ்கனெக்டட்’ என்ற வரி 27 என்ற எண்ணோடு வரிசையாக நின்றது. பக்கத்திலேயே நேரம். காலை நேரத்தில் ஒன்றுகூட இல்லை. மாலையில் கொத்துக் கொத்தாக இருந்தது. இணையம் இல்லை என்பது வேறு, லிங்க் அறுந்தது என்பது வேறு என்று அப்போது விளக்கினார். லிங்க் அறுந்தது என்றால் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையிலேயே தொடர்பு போகிறது. கோவை சர்வருக்கும் சேவைக்காரருக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

அதை உறுதி செய்ய இரண்டு கறுப்பு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பிங் ஓடவிட்டார், அதாவது ‘இருக்கிறாயா’ என்று விடாமல் கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை. ஒன்று வீட்டு ரவுட்டருக்கு, 192.168.1.1. இன்னொன்று வெளியே, கூகுளின் 8.8.8.8. குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொட்டி காலியா, குழாய் அடைப்பா என்று பிரித்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. வெளியே போவது மட்டும் நின்றால் சேவைக்காரர் லைனைப் பார்க்க வேண்டும். ரவுட்டருக்குப் போவதே நின்றால் கோளாறு வீட்டுக்குள். டீ குடித்துக்கொண்டே காத்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் மறைய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாக நின்றன. தொடர்பு திரும்பி வந்தபோது லிங்க் வேகம் ஆயிரம் எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில் நூறு என்று காட்டியது.

அந்த நூறைப் பார்த்ததும், ‘ஒயர்தான்’ என்றார். ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. ஆயிரம் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நூறுக்கு இரண்டு ஜோடி போதும். ஏதோ ஒரு ஜோடி சரியாகத் தொடவில்லை என்றால் கம்ப்யூட்டர் நூறுக்கு இறங்கிச் சமாளிக்கப் பார்க்கும். இதை அவர் சொன்ன விதத்தில் எனக்கே புரிந்தது.

ஆனாலும் உடனே கேபிளை மாற்றிக் காசு வாங்கவில்லை. என் பெட்டியைக் கீழே இறக்கி, ரவுட்டர் பக்கத்திலேயே வைத்து, தன் பையிலிருந்த குட்டை கேபிளை மாட்டிக் கொடுத்தார். ‘ராத்திரி வரைக்கும் இப்படியே வேலை பாருங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை முழுக்க மேகம், ஒருமுறைகூட அறுபடவில்லை. வொர்க்ஸ்டேஷன் நல்லாயிருக்கிறது, ரவுட்டரும் நல்லாயிருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இந்தக் குட்டை கேபிள் சோதனையை முதலில் வந்தவரே செய்திருக்கலாம். செலவே இல்லாத வேலை.

மறுபடி வந்தபோது கேபிளைத் தடவிக்கொண்டே போனார். முன்னறையிலிருந்து ஜன்னல் வழியாக வெளியேறி, தகரக் கூரையின் ஓரமாக ஓடி, பின்பக்க மாடி அறைக்குள் நுழையும் கேபிள் அது. வீட்டுக்குள் போட வேண்டிய சாம்பல் நிறக் கேபிளை வெயிலிலும் மழையிலும் போட்டிருந்தார்கள். மேல்தோல் வெடித்திருந்தது. நடுவில், கூரைக்கு அடியில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு முண்டு. டேப்பைப் பிரித்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் சின்ன பிளாஸ்டிக் கப்ளர். அதன் ஊசிகளில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு ஏறியிருந்தது. அப்புறம் கேபிள் துண்டிலிருந்து ஒரு கம்பியை உருவி, பிளேடால் லேசாகச் சுரண்டி என் கையில் கொடுத்தார். மேலே செம்பு நிறம், சுரண்டிய இடத்தில் வெள்ளி நிறம். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய கம்பி. இரண்டு மூன்று முறை மடக்கியதும் ஒடிந்துவிட்டது. அவர் கொண்டுவந்த செம்புக் கம்பியையும் சுரண்டிக் காட்டினார். உள்ளேயும் அதே நிறம். அந்த ஈரத்தில் இந்தக் கம்பி தாங்காது, காய்ந்தால் தொடும், நனைந்தால் விடும் என்றார். மேகம் இறங்கும் நேரத்துக்கும் என் நெட்டுக்கும் என்ன உறவு என்று அப்போதுதான் விளங்கியது.

புதுக் கேபிள், வெளியில் போடும் கறுப்புத் தோல் கொண்ட கேட் 6 ரகம், முழுச் செம்பு. நடுவில் ஒட்டு கிடையாது. குரங்கு பிடித்து இழுக்காமல் இருக்க வெளிப்பகுதி முழுக்க பிவிசி பைப்புக்குள் போட்டார். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: சுவர் ஓட்டைக்குள் நுழைவதற்கு முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைத்து அப்புறம் மேலே ஏற்றியிருக்கிறார். மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. இந்த ஊர் மழையைத் தெரிந்தவர் செய்யும் வேலை அது. நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்டில், மின்சாரம் சேமிக்கக் கார்டை அணைத்துவைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டார். ‘இது காரணம் இல்லக்கா, ஆனா சில சிஸ்டத்துல இதுவும் தொல்லை பண்ணும்’ என்று சொல்லியே செய்தார். காரணமில்லாததைக் காரணம் என்று பில்லில் சேர்க்காத கடை.

பில்: வந்து பார்த்ததற்கு 400, கேபிள் மீட்டர் 45 வீதம் 22 மீட்டருக்கு 990, பைப்பும் கிளிப்பும் 600, கூலி 800. மொத்தம் 2,790 ரூபாய். புது ரவுட்டருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

ஐப்பசி, கார்த்திகை இடியைப் பற்றியும் எச்சரித்தார். வெளியில் ஓடும் செம்புக் கேபிளில் மின்னல் அதிர்ச்சி ஏறி கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டைச் சுட்டுவிடலாம். இடி கேட்டால் கரன்ட் பிளக்கோடு லேன் ஒயரையும் கழற்றச் சொன்னார். வெளிப்பகுதிக்கு ஃபைபர் போட்டால் அந்தப் பயம் குறையும், கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது என்றார். அதற்கும் விலை சொன்னார், ஆனால் வற்புறுத்தவில்லை.

குறைகளும் உண்டு. போனை எடுக்கவே மாட்டார்கள்; வாட்ஸப்பில் செய்தி போட்டால்தான் பதில், அதுவும் இரவில். சொன்ன நாளுக்கு மறுநாள்தான் கேபிள் போட வந்தார்கள். வழியில் மரம் விழுந்திருந்தது, அது அவர்கள் குற்றமில்லை, ஆனால் ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஓட்டை போட்ட இடத்தில் சிமெண்ட் பூசி அப்படியே விட்டுவிட்டார்கள், பெயிண்ட் நாம்தான் அடிக்க வேண்டும். பில் கையெழுத்தில்தான், அதுவும் கேட்டு வாங்க வேண்டும். வார இறுதியில் பெட்போர்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, செவ்வாய் புதனில் போவது நல்லது.

போகும் முன் ஒரு காகிதத்தில் நெட் போகும் நேரத்தையும், அப்போது மழையா வெயிலா என்பதையும், மொபைலில் வைஃபை ஓடியதா என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.