90 நிமிடத்தில் பதில்: எங்கள் கிளினிக்கின் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில், பூர்வகுடி மக்கள் வாழும் ஒரு சிறிய ஊரின் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். இந்த மாதிரி ஊர்களுக்கு வேலைக்கு வர நினைக்கும் தமிழ் நர்ஸ்கள் பால்வினைத் தொற்றுப் பரிசோதனை பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காக இந்த மதிப்புரை.

கிளமிடியா, கொனோரியா என்ற இரண்டு பால்வினைத் தொற்றுகளையும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி ஒரே கார்ட்ரிட்ஜில் (மாதிரியை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சிறு பெட்டியில்) பார்த்துவிடும். ஆண்கள் சிறுநீர் கொடுத்தால் போதும். பெண்கள் கழிவறைக்குப் போய் தாங்களே ஸ்வாப் எடுத்து வரலாம். சுமார் 90 நிமிடத்தில் முடிவு வந்துவிடும். நோயாளிக்குச் செலவு இல்லை.

இந்த 90 நிமிடத்தின் அருமை, மாதிரியை பெர்த் ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். முடிவு வர ஒரு வாரம் ஆகலாம். மழைக்காலத்தில் பாதை மூழ்கி, விமானமும் வராவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். அதற்குள் மாதிரி கொடுத்த பையன் ஒரு சாவுச் சடங்குக்கோ, கால்பந்துப் போட்டிக்கோ வேறு ஊருக்குப் போயிருப்பான். கிளமிடியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. உடம்பு நன்றாக இருக்கும்போது யார் திரும்பி வருவார்கள்? அப்புறம் நாங்கள் காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தேட வேண்டும். சின்ன ஊரில் கிளினிக் கார் ஒரு இளைஞனின் வாசலில் நின்றாலே பக்கத்து வீட்டுக்காரர் காரணத்தை ஊகித்துவிடுவார். ரகசியம் காப்போம் என்று நாங்கள் கொடுத்த வாக்கு அங்கேயே உடைந்துபோகிறது. கருவி வந்த பிறகு, 'கடைக்குப் போயிட்டு மத்தியானம் வாப்பா' என்று சொல்லி அனுப்பலாம். அவன் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு மாத்திரை கொடுக்கலாம். எனக்கு இதன் மிகப் பெரிய பயன் இதுதான்.

இந்தக் கருவியைத் தொலைதூர ஊர்களில் முறையாகச் சோதித்த ஆய்வுக்கு டாங்கோ என்று பெயர். சிட்னியில் உள்ள கெர்பி என்ற மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 12 கிளினிக்குகளில் நடத்தினார்கள். கருவி இருந்த இடங்களில் ஏழு நாளுக்குள் சிகிச்சை பெற்றவர்கள் தெளிவாக அதிகம். கோவிட் வந்தபோது இதே கருவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும்தான் தொலைதூர ஊர்களில் கைகொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. நான்கு இடங்கள் உள்ள கருவியில் ஒரே நேரத்தில் நான்கு மாதிரிகள்தான் ஓடும். கூட்டமான நாளில் 90 நிமிடம் மூன்று மணி நேரமாகிவிடும். கார்ட்ரிட்ஜ்களை 28 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைக்க வேண்டும். வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது ஏசி நின்றால் கவலைதான். கொனோரியா இருக்கிறது என்று கருவி சொல்லும். எந்த மருந்துக்கு அது மசியும் என்று சொல்லாது. அதனால் சீழ் தெரிந்தால் கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கும் ஸ்வாப் எடுத்து அனுப்பிவிடுங்கள், சோம்பல் வேண்டாம்.

சிபிலிஸ் என்ற இன்னொரு பால்வினைத் தொற்றுக்கு வேறு சோதனை: விரலில் ஒரு குத்து, 15 நிமிடம். 2011இல் வடமேற்கு குயின்ஸ்லாந்தில் தொடங்கிய சிபிலிஸ் பரவல் 2013இல் நார்தர்ன் டெரிட்டரிக்கும், 2014இல் கிம்பர்லிக்கும், 2016இல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் வந்தது. தாயிடமிருந்து தொற்றிக் குழந்தைகள் இறந்தன. பென்சிலின் ஊசியால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அவை. விரல்குத்துச் சோதனையைக் கொண்டு தீவிர நடவடிக்கை தொடங்கியது 2018இல்தான். அந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இந்தச் சோதனையில் ஒன்று கவனிக்க வேண்டும். முன்பே சிகிச்சை பெற்றுக் குணமானவருக்கும் இது பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவ் காட்டும். பழைய பதிவைப் பார்க்காமல் ஒரு பெரியவரிடம் போய் 'உங்களுக்கு சிபிலிஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது இன்னும் தேவைதான். ஆனால் சிகிச்சை பெற்ற பதிவே இல்லாத கர்ப்பிணிக்குப் பாசிட்டிவ் வந்தால் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றே ஊசி போட வேண்டும். பிட்டத்தில் இரண்டு பக்கமும் போடுவோம், நன்றாக வலிக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சேவை எப்படி என்று கேட்டால், எங்கள் பூர்வகுடி சுகாதாரப் பணியாளர்களுக்கே முழு மதிப்பெண். வாலிபப் பையன்கள் பெண்ணான என்னிடம் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அங்கிள் என்று அவர்கள் கூப்பிடும் ஆண் பணியாளரிடம் பேசுவார்கள். அதே சமயம் சில உறவுமுறைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவே கூடாது என்பது இங்குள்ள வழக்கம். அப்போது அவர் எழுந்து வெளியே போவார், நான் உள்ளே போவேன். யாரும் விளக்கம் கேட்பதில்லை. வருடாந்திர உடல் பரிசோதனையோடு இதையும் சேர்த்து எல்லா இளைஞர்களிடமும் கேட்கிறோம். அதனால் யாரையும் தனியாகச் சந்தேகப்பட்டதாக ஆகாது.

உங்கள் கிளினிக்கில் கருவி இருந்தால், பயிற்சிக்கு நர்ஸ்களை மட்டும் அனுப்பாதீர்கள். நாங்கள் சில மாதங்களில் மாறிப் போய்விடுவோம். ஊரிலேயே இருக்கும் பணியாளர்கள் இருவராவது அதை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். பாசிட்டிவ் வந்தவரை மூன்று மாதத்தில் மறுபடி சோதிக்க வேண்டிய நாளில் அங்கே இருக்கப்போவது அவர்கள்தான்.