மதுரையில் தமிழ் வழி பிரெஞ்சு வகுப்பு: இலக்கணம் எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது?

கே.கே. நகர்ப் பக்கம் ஒரு மாடியில் சனி, ஞாயிறு காலைகளில் நடக்கும் ஏ1 நிலை (தொடக்க நிலை) பிரெஞ்சு வகுப்பு இது. கல்லூரியில் பார்ட் ஒன் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தவர்கள், மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வரும் பயணிகளுக்கு வழிகாட்டுபவர்கள், டெல்ஃப் எனும் பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்த் தேர்வு எழுதப் போகிறவர்கள் என மூன்று தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடம் முழுக்கத் தமிழில். வகுப்பின் பெரிய பலம் அதுதான். கையில் கொடுக்கும் செராக்ஸ் நோட்ஸின் பெரிய கோளாறும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது.

முதலில் பலம். ஆங்கிலம் வழியாகப் படித்தால் 'யூ' என்ற ஒரே சொல்லில் 'த்யு', 'வூ' இரண்டும் அடங்கிவிடும். இங்கே நீ, நீங்க என்று சொன்னதும் விஷயம் முடிந்தது. வயது சொல்வதும் அப்படித்தான். ஆங்கிலத்தை மனதில் வைத்தவர் 'ஜெ சுயி' (நான் இருக்கிறேன்) என்று தொடங்கித் தப்பு செய்வார். 'எனக்கு இருபது வயசு' என்று யோசிப்பவருக்கு 'ஜே வேன்த் ஆன்' (என்னிடம் இருபது வருடம் இருக்கிறது) இயல்பாக வரும். பசிக்கும் அதே 'ஜே': 'ஜே ஃபேன்'. தொழில் சொல்லும்போது 'ஒரு' சேர்க்கக் கூடாது என்ற விதியும் 'நான் மாணவன்' என்பதோடு ஒத்துப்போகிறது. ஆனால் தமிழ் வாக்கியத்தில் வினை இல்லை. பிரெஞ்சில் 'சுயி' கட்டாயம். பலர் அதை விழுங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் வினையைச் சிவப்பில் வட்டமிடச் சொல்லி ஆசிரியர் இதைச் சரிசெய்கிறார். நல்ல முறை.

வினைத்திரிபுப் பாடமும் திருத்தமாக நடக்கிறது. பேசுகிறேன், பேசுகிறாய் என்று விகுதி மாற்றிப் பழகியவர்களுக்கு ஆறு வடிவங்கள் பயமுறுத்தாது. சிக்கல் வேறு: தமிழில் 'பேசுறேன்' என்றாலே போதும், 'நான்' வேண்டியதில்லை. பிரெஞ்சில் 'பார்லே' என்ற வினை நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் எழுத்தில் மூன்று விதமாக இருந்தாலும் காதில் 'பார்ல்' என்றே விழும். 'அவர்கள்' என்பதற்கான வடிவத்தின் கடைசி மூன்றெழுத்தும் ஊமை. ஆகவே எழுவாயை விட்டால் யார் பேசுகிறார் என்றே தெரியாது. இந்தக் காரணத்தைச் சொல்லிக் கொடுப்பது அரிது, இங்கே சொல்கிறார்கள்.

இனிக் குறை. பெயர்ச்சொல்லின் பாலை ஒரே அமர்வில் தாண்டிவிடுகிறார்கள். நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை, அவ்வளவுதான். பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். நோட்ஸிலோ 'தாப்ல்', 'லீவ்ர்' என்று மொட்டையாகப் பட்டியல். 'லா தாப்ல்', 'லெ லீவ்ர்' என்று ஆர்ட்டிகிளோடு (பெயருக்கு முன் வந்து பாலைக் காட்டும் 'லா', 'லெ') ஒரே மூச்சில் மனப்பாடம் செய்யாவிட்டால் பிறகு பெயரடை, சுட்டு எல்லாமே தடம் புரளும். 'ஸியோன்' என்று முடிபவை அநேகமாகப் பெண்பால், 'மான்' என்று முடிபவை பெரும்பாலும் ஆண்பால். 'ஆஜ்' முடிவும் ஆண்பால்தான், ஆனால் கடற்கரை, பக்கம், படம் ஆகியவற்றுக்கான சொற்கள் விலக்கு. இந்த நாலு வரி நோட்ஸில் இல்லை. வழிகாட்டிகளுக்கு இது வெறும் மதிப்பெண் விஷயம் அல்ல. 'லா தூர்' என்றால் கோபுரம், 'லெ தூர்' என்றால் சுற்று. 'லா தூர் த்யு ஸ்யுத்' தெற்குக் கோபுரம். 'ஃபேர் லெ தூர் த்யு தான்ப்ல்' கோயிலைச் சுற்றி வருவது. ஆர்ட்டிகிள் மாறினால் பொருளே மாறிவிடும்.

எதிர்மறையிலும் ஒரு ஓட்டை. வினையின் இரு பக்கமும் 'நெ', 'பா' வைப்பதும், அதன்பின் வரும் 'ஆன்', 'த லா' போன்ற ஆர்ட்டிகிள்கள் 'தெ' ஆகச் சுருங்குவதும் சரியாகவே வருகிறது: 'ஜெ நெ மான்ஜ் பா தெ வியான்த்', நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. ஆனால் 'எத்ர்' வினைக்கு ('சுயி'யின் மூல வடிவம்) இந்தச் சுருக்கம் கிடையாது என்பதை விட்டுவிட்டார்கள். 'இது சோறு இல்லை' என்பதற்கு 'ஸ நே பா த்யு ரீ' என்றே வரவேண்டும்.

பெரிய கோளாறு, உச்சரிப்பு முழுவதையும் தமிழ் எழுத்தில் கொடுத்திருப்பது. 'நீ' என்பதும், 'தெ', 'லெ' சேர்ந்து வரும் சொல்லும் நோட்ஸில் ஒரே 'த்யு'. ரயில் நிலையம் 'லா கார்', வெளியூர்ப் பஸ் 'லெ கார்'. முதலாவதில் 'கங்கை'யின் ககரம், இரண்டாவதில் 'காது'வின் ககரம். நோட்ஸைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. 'அவர்களிடம் இருக்கிறது', 'அவர்கள் இருக்கிறார்கள்' இரண்டும் 'இல் ஸோன்' என்று அச்சாகியிருக்கின்றன. முதலாவதில் நடு ஒலி தேனீ ரீங்காரம் போல அதிரும், இரண்டாவதில் வெறும் காற்று. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஏ1 கேட்டல் பகுதியில் இந்த மாதிரி இடத்தில்தான் மதிப்பெண் போகும்.

வகுப்பில் ஒலிப்பதிவு எதையும் போட்டுக் காட்டுவதில்லை. டெல்ஃப் ஏ1 தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. டிவி5மோந்த் தளத்தில் ஏ1 நிலைக்கான கேட்டல் பயிற்சிகள் இலவசமாக இருக்கின்றன. தினமும் கால் மணி நேரம் அதற்கு ஒதுக்காமல் இந்த வகுப்பை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போக வேண்டாம். பார்ட் ஒன் தாளுக்குப் படிப்பவர்களுக்கு வகுப்பே போதும்.

சேர்கிறவர்கள் முதல் வாரமே தனி நோட்டில் நெடுக்காக மூன்று பத்தி (காலம்) போட்டுக்கொள்ளுங்கள்: ஆர்ட்டிகிளோடு பெயர்ச்சொல் பிரெஞ்சு எழுத்தில், தமிழ்ப் பொருள், அந்தச் சொல் வரும் ஒரு சின்ன வாக்கியம். தமிழ் எழுத்து உச்சரிப்புக்கு அதில் இடம் கொடுக்காதீர்கள். ஆசிரியர் சொல்வதை அவர் அனுமதியோடு போனில் பதிவு செய்து, வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டே முதல் பத்தியை வாய்விட்டுப் படியுங்கள்.