சேற்றில் எதை ஊன்றுவது: சுரபுன்னையா, வெண்கண்டலா?

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களை நடக் கிளம்பியபோது, முதல் முறை நாங்கள் ஊன்றியது சுரபுன்னை. அதை நடுவதற்குத் திறமை எதுவும் வேண்டியதில்லை என்பதுதான் காரணம். அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும். அரை மீட்டர் வரை வளர்ந்த அந்த முளையைப் பொறுக்கிவந்து, கூர்நுனி கீழே இருக்கும்படி சேற்றில் குத்தினால் நடவு முடிந்தது. ஒரே காலையில் உப்பங்கழியின் மேட்டுப்பக்கம் முழுவதும் வரிசை வரிசையாகக் குச்சிகள் நின்றன. படம் எடுக்க அழகாக இருந்தது. அடுத்த கோடை முடிந்தபோது பெரும்பாலானவை கருகியிருந்தன. அதே இடத்தில் பிறகு போட்ட வெண்கண்டல் என்ற இன்னோர் அலையாத்தி மரம்தான் இன்று நிற்கிறது. ஆகவே இந்த அலசலில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

அலையாத்தி என்ற ஒரே பெயருக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். ஆனால் இவை உறவுக்கார மரங்கள்கூட அல்ல. சுரபுன்னை ரைசோபோரா இனம். வெண்கண்டல் அவிசென்னியா மெரினா, ஆடாதோடையும் கனகாம்பரமும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. வேரைப் பார்த்தாலே பிரித்துவிடலாம். தண்டிலிருந்து வில்லாக வளைந்து சேற்றில் இறங்கும் முட்டுவேர்கள் சுரபுன்னைக்கு. பென்சிலை நட்டுவைத்தது போல் சேற்றைத் துளைத்து மேலே எழும் மூச்சுவேர்கள் வெண்கண்டலுக்கு. காற்றில்லாத சேற்றில் வேருக்கு மூச்சு கொடுப்பது இரண்டுக்கும் பொதுவான வேலை.

வேறுபாடு உண்மையில் வெளிப்படுவது உப்பில். சுரபுன்னை உப்பைத் தடுக்கும், வெண்கண்டல் உப்பைக் கக்கும் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். இரண்டுமே உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திவிடுகின்றன. மீறி உள்ளே வருவதை வெளியேற்ற வெண்கண்டலின் இலைகளில் மட்டும் உப்புச் சுரப்பிகள் உண்டு. வெயில் நாளில் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். சுரபுன்னைக்கு இந்த இரண்டாவது வாசல் இல்லை.

கரையோரத்தில் இது பெரிய விஷயமே அல்ல. அங்கே நாள்தோறும் ஏறி இறங்கும் கடல்நீர், அதாவது ஓதம், சேற்றின் உப்பைக் கழுவிவிடுகிறது. மேட்டுப்பக்கத்தின் கதை வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம் மட்டுமே அங்கே எட்டிப் பார்க்கும். இடைப்பட்ட நாட்களில் வெயில் நீரை உறிஞ்ச, உப்பு தங்கிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், அந்த மண்ணின் நீரில் கோடையில் இரண்டு மடங்கும் சேரலாம். அங்கேயும் வெண்கண்டல் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, ஆனால் உயிரோடு இருக்கும். அரேபிய வளைகுடாவின் தென்கரையில் இயற்கையாக வளரும் ஒரே அலையாத்தி மரம் இதுதான். குளிரையும் ஓரளவு தாங்கி, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கடலோரம் வரை போயிருக்கிறது. எங்கள் மேட்டுக்கு இப்படியொரு மரம்தான் வேண்டியிருந்தது. நாங்களோ நடுவதற்கு வசதியானதைத் தேர்ந்தெடுத்தோம்.

வெண்கண்டலுக்கும் தொல்லைகள் உண்டு. அவரை விதையளவுள்ள அதன் காயைச் சேமித்து வைக்க முடியாது, சில நாட்களில் வீணாகிவிடும். நீரில் ஊறவைத்து, தோல் கழன்றதும் சேற்றில் விட வேண்டும். ஓதம் இழுத்துப் போகும், நண்டு தின்னும். மிஞ்சியதை நாற்றுப்பையில் வளர்த்துத்தான் கொண்டுபோனோம். இலை ஆடுமாடுகளுக்குப் பிடிக்கும் என்பதால் வேலியும் தேவைப்பட்டது.

மேய்ந்தாலும் முறிந்தாலும் அது மீண்டும் தளிர்க்கும். பட்டைக்குள் உறங்கும் மொட்டுகள் அடிமரத்திலும் உயிரோடு இருக்கின்றன. சுரபுன்னையின் முதிர்ந்த கிளைகளில் அவை இருப்பதில்லை, வெட்டினால் வெட்டியதுதான். புயலுக்குப் பின் எது எழும் என்று கேட்டால் இதை வைத்து வெண்கண்டலைச் சொல்வேன். ஆனால் எங்கள் மரங்கள் இளையவை, பெரும்புயலை இன்னும் பார்க்கவில்லை. ஆகவே அது படித்தறிந்த பதில்தான்.

உங்கள் இடம் வாய்க்கால் விளிம்பா? நாளுக்கு இருமுறை நனையும் இளகிய சேறா? அப்படியானால் நான் சொன்னதை மறந்துவிட்டுச் சுரபுன்னையையே ஊன்றுங்கள். அந்த முட்டுவேர்ப் பின்னலுக்குள் மீன்குஞ்சும் இறாலும் ஒதுங்குவதைப் போல் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எங்கள் முதல் நடவில் பிழைத்த சில கன்றுகளும் அந்த விளிம்பில் நின்றவைதான். வேறு இடம் என்றால், முளைகளைப் பொறுக்கக் கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் அங்கே குச்சி நட்டு, ஓதம் எத்தனை நாள் அதைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.