125 வாக்கிய வரப் படிவம்: ரங்கூன் தமிழ்ச் சபைக்கு எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம்

"உதவிக்கு யாராவது வாங்க" என்று ஆராதனை முடிவில் அறிவித்தால் எழுந்து வருவது பெரும்பாலும் அதே ஆறு பேர்தான். இளைஞர்கள் பலர் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்ட பிறகு, பாட்டு, சமையல், ஓய்வுநாள் பள்ளி, கணக்கு என்று நாலு வேலை ஒரே தோளில் ஏறி நிற்கிறது. பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் என்ன வரம், அதாவது சபைப் பணிக்காகத் தேவன் கொடுத்த எந்தத் திறன், இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பல சபைகள் எடுக்கும் கருவி வாக்னர்–ஹவுட்ஸ் வினாத்தாள். ரிச்சர்ட் ஹவுட்ஸ் 1970களில் தயாரித்ததை, அமெரிக்காவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் கற்பித்த பீட்டர் வாக்னர் திருத்தி விரித்தார். அதன் தமிழ் நகல்கள் பல கைகள் மாறி இங்கேயும் வந்திருக்கின்றன. ரங்கூனில் இருக்கும் சபை அதை எப்படி நடத்த வேண்டும், எங்கே நம்பக் கூடாது என்பதுதான் இந்த மதிப்பீடு. எங்கள் மதிப்பெண் 5க்கு 3. பேச்சைத் தொடங்கிவைக்க நல்ல கருவி. இதை மட்டும் வைத்துப் பொறுப்பு கொடுத்தால் ஆறு மாதத்தில் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

மொத்தம் 125 வாக்கியங்கள். 25 வரங்கள், வரத்துக்கு ஐந்து வாக்கியம். ஒவ்வொரு வாக்கியமும் தன் வாழ்க்கையில் எவ்வளவு உண்மை என்று பார்த்து 3, 2, 1, 0 என்று போட வேண்டும். விடைத்தாளில் 25 வரிசை, ஐந்து நிரல். முதல் வரிசையில் 1, 26, 51, 76, 101 ஆகிய எண்கள் இருக்கும். அந்த ஐந்தையும் கூட்டினால் முதல் வரத்தின் மொத்தம், அதிகபட்சம் 15. கூட்டி முடித்ததும் மேலே நிற்கும் மூன்று அல்லது நான்கை எடுத்துக்கொள்வார்கள்.

அதிகம் கெடுவது இந்த விடைத்தாளில்தான். எண்கள் மேலிருந்து கீழாகப் போகின்றன, ஆனால் பலருடைய கை பழக்கத்தில் இடமிருந்து வலமாகப் போகும். அப்படி எழுதினால் முழுத்தாளும் வீண். இன்னொரு தவறு இதைவிட மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. கூட்டமாக உட்காரவைத்து ஒருவர் வாசிக்கும்போது, யாரோ 37ஆம் வாக்கியத்தைக் கேட்காமல் விட்டுவிட்டு 38க்கான எண்ணை 37இன் கட்டத்தில் போட்டுவிடுவார். அதிலிருந்து மிச்சம் 88 விடைகளும் ஒரு கட்டம் மேலே நகர்ந்து வேறு வரத்துக்குப் போய்ச் சேரும். கற்பிக்கும் வரம் உள்ளவருக்கு வேறொன்று வரும், அவரும் "தேவன் காட்டியது இதுதான்" என்று மனப்பூர்வமாக நம்பிவிடுவார். கடைசியில் 125ஆம் கட்டம் காலியாக நிற்பது ஒன்றுதான் தடயம்.

இதற்கு எளிய வழி உண்டு. விடைத்தாளை ஐந்து நிரலாக விசிறி மடிப்பு மடித்துக் கொடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் கண்ணில் படும். வாசிப்பவர் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். 25, 50, 75, 100 முடிந்ததும் நிறுத்தி, "எல்லாருக்கும் நிரல் அடிவரை நிரம்பிவிட்டதா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பைத் திறக்க வேண்டும். வாக்கியத்துக்கு 20 நொடி என்றால் வாசிப்புக்கே 42 நிமிடம் ஆகும், நிறுத்தங்களும் கூட்டலும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆராதனை முடிந்து பசியோடு இருக்கும் நேரத்தில் இதை வைக்காதீர்கள். 80க்கு மேல் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 2 போடத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்தது மொழி. தமிழ் நகல் வேத நடையில் இருக்கிறது. 1965இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு தமிழ் படிக்கும் வசதி சுருங்கியதால், வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்து பர்மியத்தில்தான் ஓடும் என்ற தலைமுறை சபையில் நிறைய இருக்கிறது. அவர்களுக்காகத் தமிழில் வாசித்ததும் பர்மியத்தில் ஒரு தடவை சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்தவர்களுக்கும் சில சொற்கள் வழுக்கும். தலைமை வரத்துக்கு ஆதாரமாக ரோமர் 12:8 வருகிறது. அங்கே பழைய திருப்புதலில், அதாவது பழைய வேதாகம மொழிபெயர்ப்பில், "முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்" என்று இருக்கிறது. இந்த ஊரில் முதலாளி என்றால் கடைக்காரர், சம்பளம் கொடுப்பவர். அந்தச் சொல் வரும் வாக்கியத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அப்படியே 0 போட்டுவிடுவார்கள், தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துச் சபைக்குக் கூட்டி வருகிறவராக இருந்தாலும் சரி. "முன்னின்று நடத்துகிறவர்" என்று மாற்றி வாசியுங்கள்.

ஊரின் நிலைமையே விடையைத் திருப்பிவிடும் இடங்களும் உண்டு. வேறு மொழி, வேறு பண்பாட்டு மக்களோடு எளிதில் பழகுவது மிஷனரி வரத்தின் அடையாளமாக வருகிறது. ஒரே மாடிப்படியில் பர்மியர், கரேன், சின் குடும்பங்களோடு வாழ்ந்து, மூன்று மொழியில் பேரம் பேசிக் காய்கறி வாங்குகிற யாரும் அதற்கு 3 போடுவார். அது வாழ்க்கைப் பழக்கம், அழைப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. விரும்பி ஏற்கும் எளிமை என்றொரு வரமும் பட்டியலில் இருக்கிறது. விலைவாசி கழுத்தை நெரிக்கும்போது எளிமையாக வாழ்கிறவரின் எளிமையை வரம் என்று எழுதிக் கையில் கொடுப்பது மனதைப் புண்படுத்தும். இந்த இரண்டு வரிசைகளையும் கூட்டாமல் விட்டுவிடுங்கள். திருமணமின்மை, பேய் ஓட்டுதல் வரிசைகளைப் பொதுக் கூட்டத்தில் வாசிக்காமல் ஆயரோடு தனியாகப் பேசுவதற்கு வையுங்கள்.

இன்னொன்று நம் வளர்ப்பு. "எனக்கு இது நன்றாக வரும்" என்று எழுத நம் அம்மாமார்களுக்குக் கை வராது. 40 வருஷம் வியாதிக்காரரைப் பார்க்கப் போகிறவர் இரக்கத்துக்கு 6 போடுவார், போன மாதம் ஞானஸ்நானம் எடுத்த தம்பி எல்லாவற்றுக்கும் 13 போடுவார். அதனால் ஒருவருடைய மொத்தத்தை இன்னொருவருடையதோடு ஒப்பிடவே கூடாது. அந்த அம்மாவின் தாளில் 6தான் மிக உயர்ந்த எண் என்றால், அந்த 6க்குத்தான் மதிப்பு. எண்களைப் பலகையில் எழுதுவது, வைபர் குழுவில் போடுவது இரண்டும் வேண்டாம். தாள்கள் ஒரே உறையில், ஒரே ஆளிடம் இருக்கட்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் 3 மதிப்பெண் கொடுப்பதற்குக் காரணம், இது சொல்லித்தரும் இரண்டு வேறுபாடுகள். ஒன்று, உதவும் வரமும் சேவை வரமும் வேறு என்பது. உதவுகிறவர் ஓர் ஆளின் பக்கத்தில் நின்று அவர் கையை இலகுவாக்குகிறார். சேவை வரம் உள்ளவர் ஒரு வேலையைப் பார்த்ததும் அதை எடுத்து முடிக்கிறார், யார் பக்கத்தில் என்பது அவருக்கு முக்கியமில்லை. முதல்வகையாளரைத் தனியாகச் சபைக் கூடத்தைப் பெருக்கச் சொன்னால் மூன்றாம் வாரம் வரமாட்டார். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைக்குத் துணையாக வைத்தால் வருஷக்கணக்கில் நிற்பார். இரண்டாவது, தலைமையும் நிர்வாகமும் வேறு என்பது. 150 பேருக்குப் பண்டிகைச் சாப்பாடு போடலாம் என்று முடிவெடுத்து எல்லாரையும் கிளப்புகிறவர் ஒருவர். தட்டு 120தான் இருக்கிறது, 30 வாடகைக்கு எடுக்க வேண்டும், தண்ணீர் காலை எட்டுக்குள் பிடித்துவிட வேண்டும் என்று பார்க்கிறவர் வேறொருவர். நம் சபைகளில் இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு, ஏதாவது தவறினால் அவர்மேல் பழிபோடுகிறோம்.

பெரிய குறை, கைத்தொழிலுக்கு இந்தப் படிவத்தில் தனி வரிசையே இல்லை. சமையல், தையல், மின்வேலை, தச்சு எல்லாம் உதவிக்குள்ளோ உபசரிப்புக்குள்ளோ கரைந்துபோகின்றன. யாத்திராகமம் 31இல் பெசலெயேல் என்ற கைவினைஞர் தேவ ஆவியால் நிரப்பப்பட்டது பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கும், கல் பதிக்கவும், மரம் செதுக்கவும்தான். மின்சாரம் முறை வைத்து வரும் இந்த நகரத்தில் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் ஆராதனைக்கு ஒலிபெருக்கி இல்லை. ஆகவே விடைத்தாளின் பின்பக்கத்தில் "கைவேலை" என்று தலைப்புப் போட்டு ஐந்து வெற்று வரிகள் விடுங்கள். பின் வரிசையில் இருப்பவர்களிடமிருந்து வரும் நல்ல தகவல் பெரும்பாலும் அந்த ஐந்து வரியில்தான் இருக்கும்.

இன்னொரு தாளும் வேண்டும், அதை மற்றவர்கள் நிரப்ப வேண்டும். அப்போஸ்தலர் 6இல் பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தபோது கேட்கப்பட்டது நற்சாட்சி. அதைத் தனக்குத்தானே யாரும் எழுதிக்கொள்ள முடியாது. அவரோடு வேலை செய்த ஒருவர், அவரிடம் உதவி பெற்ற ஒருவர், இந்த இருவர் போதும், குடும்பத்தார் வேண்டாம். இவர் வந்தால் எந்த வேலை இலகுவாகிறது? எந்த வேலையை இவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள்? எதை இவரிடம் கொடுக்கவே கூடாது? இந்த மூன்று கேள்விக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். இந்தத் தாளும் 125 வாக்கியத் தாளும் ஒத்துப்போகாத இடத்தில்தான் ஆயரோ மூப்பரோ உட்கார்ந்து 20 நிமிடம் பேச வேண்டும்.

1 பேதுரு 4:10இல் வரம் பெற்றவரைப் பழைய திருப்புதல் "உக்கிராணக்காரர்" என்கிறது. கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவருக்குத்தான் எத்தனை படி அரிசி இருக்கிறது, எது தீரப்போகிறது என்று தெரியும். வரத்தைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்துவிடவில்லை, அதை அளந்து எடுத்துப் பரிமாற வேண்டும். படிவம் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது, கூட்டி முடித்ததோடு அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு சபை தானே ஒரு வேலைச் சீட்டு போட வேண்டும்.

சீட்டு உள்ளங்கை அளவு போதும். சமையல் வேலைக்கு எப்படி எழுதலாம் என்று பார்ப்போம். மாதத்தின் முதல் ஞாயிறு, 100 பேர். அரிசி 6 ப்யி (பர்மியப் படி), அதாவது 48 பால்டப்பா, 12 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஒரு டப்பா ஏறக்குறைய இரண்டு பேருக்கு என்ற கணக்கு. காலை ஆறரைக்கு வர வேண்டும், சாவி யாரிடம், அடுப்பு மூட்டுவது யார், கூட நிற்பது யார், முடிந்ததும் பாத்திரம் எங்கே கவிழ்க்க வேண்டும். உப்புக்கு ஒரே கை என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். சாம்பார் கெடுவதற்கு முதல் காரணம், அக்கறையுள்ள மூன்று பேர் ஆளுக்கு ஒரு கை போடுவது. காணிக்கை எண்ணும் சீட்டு என்றால், உறவுக்காரர் அல்லாத இருவர், எண்ணியதும் இருவரும் மையால் கையெழுத்து. பிள்ளைகள் வகுப்பு என்றால் எப்போதும் பெரியவர்கள் இருவர், கதவு திறந்தபடி. வரம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்த விதிகளுக்கு விலக்கு கிடையாது.

சீட்டில் கட்டாயம் இருக்க வேண்டியது முடிவுத் தேதி. சமையல் போன்ற மாத வேலைக்கு மூன்று முறை, வார வேலைக்கு ஆறு ஞாயிறு. அதற்குப் பிறகு "தொடரலாமா, மாற்றலாமா, நிறுத்தலாமா?" என்று சபைதான் போய்க் கேட்க வேண்டும். அவரே வந்து சொல்லட்டும் என்று விட்டால், பிடிக்காத வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டே போவார், பிறகு ஒருநாள் ஆராதனைக்கே வராமல் நின்றுவிடுவார். முடிவுத் தேதி இருக்கிறது என்று தெரிந்தால், இதுவரை கை தூக்காதவர்களும் துணிந்து வருவார்கள்.

வேறு படிவங்களைப் பற்றியும் கொஞ்சம். அமெரிக்காவின் சேடில்பேக் சபையிலிருந்து ரிக் வாரன் பரப்பிய ஷேப் முறை வரத்தோடு ஆர்வம், திறமை, குணம், அனுபவம் ஆகியவற்றையும் கேட்கிறது. கைவேலைக்கும், பட்ட கஷ்டத்துக்கும் அங்கே இடம் இருக்கிறது. விதவையான ஒருவர் இன்னொரு விதவைக்கு என்ன கொடுக்க முடியும் என்பதை வாக்னர் தாள் கேட்பதில்லை, இது கேட்கும். 30 பேருக்கும் குறைவான சபை என்றால் இதையே எடுக்கலாம். 1997இல் தொடங்கிய கேத்தரின் ஆஃப் சியேனா நிறுவனத்தின் கத்தோலிக்க முறையில் 24 வரங்கள் வருகின்றன. அங்கே வினாத்தாள் முதல் படிதான், தனிப்பேட்டியும் செய்து பார்க்கும் காலமும் பிறகு வரும். நாங்கள் மேலே சொன்ன திருத்தங்களில் பாதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பேட்டி எடுக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

நகல் எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. வாக்கியத் தாள்களை வாசிப்பவருக்கு மட்டும் எடுத்தால் போதும், எல்லாருக்கும் கொடுத்தால் முந்திக்கொண்டு நிரப்புவார்கள், நிரல் குழம்பும். விடைத்தாள் ஆளுக்கு ஒன்று, மற்றவர் நிரப்பும் மூன்று கேள்வித் தாள் ஆளுக்கு இரண்டு. 40 பேர் என்றால் 40 விடைத்தாளும் 80 சிறு தாளும். சிறு தாளை ஏ4இல் நாலாக வெட்டினால் 20 பக்கத்தில் முடியும். விடைத்தாளை மட்டும் தடித்த தாளில் எடுங்கள். ஐந்து மடிப்பு மடித்துத் திறக்கும்போது மெல்லிய தாள் மூன்றாம் நிரலிலேயே கிழிந்துவிடும்.