அமுக்கராப் பொடி: மணம் உண்டு, மண்ணின் விவரம் இல்லை

எங்கள் ஊர்க் கடைத்தெருவிலுள்ள நாட்டு மருந்துக் கடையொன்றில், இரவில் பாலில் கலந்து அம்மாவுக்குக் கொடுப்பதற்காக அமுக்கரா எனப்படும் அசுவகந்தா வேரின் பொடி 100 கிராம் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் எழுந்த குதிரை வாடையும், நாவில் தங்கிய கசப்பும் சரக்கு அசலானது என்று நம்பவைத்தன. பொடியைச் சலித்திருந்த விதமும் நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் உறையில் எடையும் விலையும் இருந்தனவே தவிர, கிழங்கு எங்கே விளைந்தது, பூச்சிக்கொல்லி எச்சம் சோதிக்கப்பட்டதா என்பவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்டதற்கு, "மத்தியப் பிரதேசத்து நீமச் ஊர்ச் சரக்குங்க, நல்லாக் கழுவித்தான் அரைக்கிறோம்" என்றார் கடைக்காரர்.

கழுவினால் மேலே ஒட்டிய மண் போகும். வேருக்குள் ஏறிய நஞ்சு போகாது. இந்தியாவில் வேளாண் பயன்பாட்டுக்கு 1989-இல் தடைசெய்யப்பட்ட டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, மண்ணின் மட்குப் பொருளோடு பிணைந்து பல்லாண்டுகள் தங்கக்கூடியது என்பதால், இன்று எதையுமே தெளிக்காத உழவரின் கிழங்கிலும் பழைய எச்சம் சேர இடமுண்டு. இலைச் சரக்கைவிட வேர்ச் சரக்கில் எனக்கு அச்சம் மிகுதியாக இருப்பது இதனால்தான். மூலிகைகளில் டிடிடிக்கு, கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று ஆயுர்வேத மருந்துத் தர நூல் வரம்பு வகுத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் இருப்பதைக் காட்டும் ஆய்வறிக்கையைத் தொகுதி எண்ணோடு கடை தரும்வரை, இந்தப் பொடியை நான் மீண்டும் வாங்கப் போவதில்லை.