எல்லையோர எண்ணெய்த் துறைப் பயிற்சி மையம்: என் தம்பி படித்த மூன்று மாதங்கள்

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையை ஒட்டிய எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் படிப்பை முடித்ததும் வளைகுடாவுக்குப் புறப்படுவது நெடுநாளைய வழக்கம். பெட்ரோலியப் பொறியியல் முடித்த என் தம்பியும் அந்த எண்ணத்தோடுதான் எல்லைக்கு அப்பால் உள்ள ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தான். 2012 முதல் 2015 வரை குவைத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒரு ரிக்கில் மட் இன்ஜினியராக (துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் சேற்றுக் கலவையைக் கவனிப்பவராக) வேலை பார்த்தவன் என்பதால், இரண்டு நாள் வகுப்பில் நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

பாதுகாப்பு வகுப்பை மனதாரப் பாராட்டுகிறேன். தாடி வைத்திருந்த என் தம்பி உட்பட ஆறு பேரை முதல் நாளே சவரம் செய்துகொண்டு வரும்படி பயிற்றுநர் திருப்பி அனுப்பினார். மூச்சுக்கருவியின் ரப்பர் விளிம்பு தாடியின் மேல் படியாது, இடைவெளி வழியே நச்சு வாயு உள்ளே வந்துவிடும். எண்ணெய்க் கிணறுகளில் வெளிப்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று எண்ணக்கூடாது, 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கே மரத்துப்போகிறது என்பதையும், காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்துக் காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கம் நோக்கிப் போக வேண்டும் என்பதையும் ஒவ்வொருவரையும் நடக்கவைத்தே சொல்லிக்கொடுத்தார். கடல்மேடை வேலைக்குக் கேட்கப்படும் போசியட் (BOSIET) என்ற பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இங்கே கிடைக்காது; தண்ணீரில் தப்பிக்கும் பயிற்சிக்கான குளம் இங்கு இல்லை.

வேலைவாய்ப்புப் பிரிவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. 'படித்தவுடன் வேலை' என்று பலகை வைத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் ஆள் எடுப்பதும் குறைப்பதும் கச்சா எண்ணெய் விலையைத் தொட்டே நடக்கும். 2014-இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்தச் சரிவில்தான் எங்கள் ரிக்கை நிறுத்தி என்னையும் ஊருக்கு அனுப்பினார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை (பின்னர் தரப்போகும் சரக்குக்கு இப்போதே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே போனது. சவுதி 2011-இல் கொண்டுவந்த நிதாகத் திட்டம் போல, அந்தந்த நாட்டவருக்கே முன்னுரிமை தரும் விதிகளும் வந்துவிட்டன. வீட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் பிள்ளைகளிடம் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாதது எனக்குப் பெரும் வருத்தம். உள்நாட்டில் ராஜமுந்திரி, காரைக்கால் எண்ணெய் வயல்கள் இருப்பதையும், பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வில் 2017 முதல் பெட்ரோலியப் பொறியியலுக்குத் தனித்தாள் இருப்பதையும் தம்பிக்கு நான்தான் சொன்னேன்.

கடைசி வாரத்தில் 'விசா செலவு' என்று ஒன்றரை லட்சம் கேட்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற முகவரே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது தர வேண்டும். முகவர் பதிவு எண்ணைக் கேட்டேன். வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் ஈமைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்க அது போதும். இதுவரை தரவில்லை. பாதுகாப்பு வகுப்புக்காகச் சேரலாம். அந்த எண் கைக்கு வராமல் விசாவுக்கென்று ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.